ஐப்பசியில் போட்ட நாவல்

மாடக்கண்ணு எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்று அச்சன்புதூருக்குத் திரும்பியபோது அதிகம் சந்தோஷப்பட்டது அவருடைய மனைவி வடிவம்மாள்தான். கல்யாணமான நாளிலிருந்து குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாகச் சாமான் கட்டியே அவளுக்கு இடுப்பு விட்டுப் போயிருந்தது. போகிற ஊரிலெல்லாம் அவர் கன்று வைப்பார். அது ஆளுயரம் வருவதற்குள் மாறுதல் உத்தரவு வந்துவிடும். நிழலில் உட்காருவது அடுத்து வருகிறவர் குடும்பம். "நான் வச்ச மரத்துல ஒண்ணையாவது நான் பாக்கணும் வடிவு" என்று மனிதர் சொல்லும்போது அவளுக்கே பாவமாக இருக்கும்.

அதனால் சொந்த வயலின் வரப்போரம் நாவல் போடுவதென்று முடிவானது. ஆனால் போலீஸ்காரர் இல்லையா, எதற்கும் ஒரு முறை உண்டு. ஆடியில் பழம் பொறுக்குவார். கொட்டையைக் கழுவி, விதைநெல்லைப் போல மொட்டைமாடியில் நன்றாகக் காயவைத்து, சாம்பல் புரட்டி டப்பாவில் அடைத்துவிடுவார். பிறகு காத்திருப்பு.

"இந்தச் சாரலை நம்பப்படாது. மேமண்ணுதான் நனையும். புரட்டாசி வெயில்ல முளை கருகிரும். ஐப்பசி மழை உள்ள இறங்கட்டும்."

கணக்கில் ஒரு குற்றமும் இல்லை. கொட்டைதான் ஐப்பசிவரை உயிரோடு இருக்கவில்லை. இரண்டு வருஷம் வரப்பு வெறும் வரப்பாகவே கிடந்தது.

வடிவம்மாளுக்கு விஷயம் புரிந்தது துவைகல் பக்கத்தில். அவள் தின்று துப்பிய கொட்டைகள், துணி அலசிய தண்ணீரைக் குடித்துக்கொண்டு அங்கே கும்பலாக முளைத்து நின்றன. ஓடிப்போய்ச் சொன்னாள்.

"நாவக்கொட்டையைக் காயவைக்கப்படாது போலங்க. ஈரத்தோட போட்டாத்தான் முளைக்கும்."

"எங்கய்யா காலத்துலேருந்து விதைன்னா காயவச்சுதான் போடுதோம். சும்மா கெட."

மேலதிகாரி சொன்னால் மறுபேச்சு பேசாத மனிதர், வீட்டில் சொல்லி ஒன்றைக் கேட்டதாகச் சரித்திரமே கிடையாது.

மூன்றாவது வருஷம் ஐப்பசியில் விதையைப் போட்டுவிட்டு வந்தவர், கை கழுவும்போது சொன்னார்: "இந்தத் தடவையும் முளைக்கலைன்னா வயலைக் குத்தகைக்கு விட்டுட்டு மெட்ராஸ்ல மவன்ட்ட போயிருவோம். இங்க உக்காந்து என்னத்தப் பாக்க?"

வடிவம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தாள். இந்த வயசில் இன்னொரு தடவை சாமான் கட்டுவதா?

அவர் பென்ஷன் வேலையாகத் தென்காசிக்குப் போன ஒரு காலையில், துவைகல்லோரக் கன்றுகளில் உள்ளதிலேயே சின்னதாகப் பார்த்து வேர்மண்ணோடு தோண்டினாள். கூடையில் சுமந்துபோய், விதை போட்ட அடையாளத்துக்கு அவர் குச்சி ஊன்றிய இடங்களிலெல்லாம் நட்டுவிட்டு வந்தாள். சின்னதென்றாலும் ஒவ்வொன்றும் சாண் உயரம் இருந்தது. திருட்டுத்தனம் பழகாதவள் செய்தால் அப்படித்தான்.

மறுநாள் மாடக்கண்ணு வரப்பில் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். காலடித் தடத்தை வைத்தே ஆளைப் பிடித்தவர் அவர். வடிவம்மாள் களை பிடுங்குகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்து வயல் ஆவுடைநாயகம் வேறு வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, போன வாரம் போட்டதா இது? அதுக்குள்ள இத்தனை இலையா!"

"மண்ணு அப்படி" என்றார் மாடக்கண்ணு, சிரிக்காமல்.

பிறகு முள் வெட்டி வந்து, ஆடு கடிக்காதபடி ஒவ்வொரு கன்றையும் சுற்றிக் கட்டினார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவளைப் போட்டு வதைத்தது. கேட்டுத் தொலைத்தாலாவது ஒத்துக்கொண்டு நிம்மதியாக அழுதிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மகன் விஜயசங்கர் போன் பண்ணினான். ஸ்பீக்கரில் அவன் குரல் அடுப்படிவரை கேட்டது. "என்னப்பா முடிவு பண்ணுனீங்க? டிக்கெட் போடவா?"

வெங்காயம் அரிந்துகொண்டிருந்த வடிவம்மாளின் கை நின்றது.

"வேண்டாம்லே" என்றார் மாடக்கண்ணு. "உங்கம்மை நாவக்கன்னு வச்சிருக்கா. அது காய்க்க வரைக்கும் நாங்க இங்கனதான்."