சுளகுப் பிறை

எழுத்துக் கூட்டித்தான் எனக்கு வாசிக்க வரும். ஆனால் ஒரு ஆளின் முதுகைப் பார்த்தே இன்னார் என்று சொல்லிவிடுவேன். ஊரில் அதற்கு எனக்குப் பேர்.

சண்டைக் காலத்தில் நாவற்குடாவில் கரண்ட் இல்லை. எங்கள் வீட்டில் கார் பெற்றரியில் ஓடும் சின்ன டிவி இருந்தது. ஞாயிறு பின்னேரங்களில் யப்பான் நாடகம் போகும்; பக்கத்து வீட்டுக்காரியும் மகனோடு பார்க்க வருவாள். அதில் ஒரு போர்த்தலைவன். தலைக்கவசத்தில் பெரிய பிறை, முகத்துக்கு இரும்பு மூடி. பிடிபட்டவர்களை அவன் முன்னால் முழங்காலில் இருத்துவார்கள். அவன் முகம் நிமிர நாடியை மெல்ல உயர்த்தி ஒருதரம் தாழ்த்துவான். அதோடு அந்த ஆள் முடிந்தான்.

படத்துக்குக் கீழே ஓடும் சிங்கள எழுத்தை வாசித்துக் கதை சொன்னவர் என் கணவரின் சித்தப்பா மகன். பொலன்னறுவைப் பக்கம் அரிசி மில்லில் வேலை செய்தவர். நாடகம் முடிந்ததும் என் சுளகைத் தலைக்கு மேல் பிறைபோல் பிடித்து, நாடியை உயர்த்தித் தாழ்த்துவார். அப்போது இடது தோள் கொஞ்சம் ஏறும். யப்பானியனுக்கு அது இல்லை.

"தலையாட்டி மச்சான், சுளகை வையுங்க. அரிசி புடைக்க வேணும்."

"மச்சாளுக்கு மரண தண்டனை!"

ஒரு நாள் மச்சானை ஆமி முகாமுக்குக் கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் காலை சுற்றிவளைப்பு. ஆண்களைப் பள்ளிக்கூட வளவில் வரிசையாக விட்டார்கள். பெண்கள் நாங்கள் வேலிக்கு வெளியே. ஜீப்பில் சாக்கு மூடிய ஒருவர் இருந்தார். சாக்கில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. முதல் ஆள் முன்னால் போனதும் சாக்கு நிமிர்ந்தது. இடது தோள் ஏறியது. நாடி தாழ்ந்தது. அந்த ஆளை இழுத்துக்கொண்டு போனார்கள்.

நாலாவது என் கணவர். சாக்கு அசையவில்லை. ஆமிக்காரன் துவக்கால் இடித்தும் அசையவில்லை. கணவர் என்னிடம் நடந்து வந்தார். அவருக்கு அடுத்து நின்றது பக்கத்து வீட்டுக்காரியின் ஒரே மகன். தோள் ஏறியது. பிடித்துக்கொண்டு போன ஒருவரும் திரும்பவில்லை.

சாக்குக்குள் இருந்து ஆள் காட்டியவனைப் பற்றி ஊர் முழுக்கத் தலையாட்டி, தலையாட்டி என்றே பேச்சு. நான் அந்தச் சொல்லை வாயில் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வந்து கேட்டாள்:

"சாக்குக்குள்ள ஆருகா? உன்ட கண்ணுக்குத் தப்பாதே."

"சாக்குக்குள்ள ஆரைகா தெரியும்?" என்றேன்.

மாதங்கள் கழித்து மச்சான் திரும்பினார். சோறு போட்டேன். சுளகு தொங்கிய சுவருக்கு முதுகைக் காட்டி இருந்து தின்றார்.

இப்போது மச்சானும் கண்மூடிவிட்டார், என் கணவரும் கண்மூடிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரி இருக்கிறாள். புடைக்க என் சுளகைத்தான் கேட்பாள். போன கிழமை, திருப்பித் தர வரும்போது, வெயிலுக்கு அதைத் தலைக்கு மேல் பிடித்தபடி படலையைத் திறந்தாள். நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"என்னகா, பேயைக் கண்ட மாதிரி?"

"ஒண்டுமில்லகா. அதக் கீழ இறக்கு."

இறக்காமல் நின்று, தலைக்கு மேலிருந்த சுளகை நிமிர்ந்து பார்த்துவிட்டு என்னையே பார்த்தாள்.