ஒரு நோட்டுக்கு இரண்டு அட்டை

ஒரே சங்கத்தை இரண்டு சங்கம் என்று அட்டையில் எழுதிவிட்டேன். அதனால் ஆம்பூர்ப் பக்கம் நாற்பது வீட்டுக்குக் குடிதண்ணீர் கொடுத்த கிணறு ஒன்று போகப் பார்த்தது.

வேலூரில் ஒரு வாசகசாலையில் முப்பது வருஷம் அட்டவணைப் பெட்டிக்கு அட்டை எழுதினேன். புத்தகத்துக்கு அட்டை எவனும் எழுதுவான். நான் எழுதியது கூட்டங்களுக்கு. சபை, சங்கம், சமாஜம், மண்டலி, அஞ்சுமன், கம்பெனி. மனிதனுக்கு ஒரு பெயர் வைத்தால் சாகிற வரைக்கும் அதோடு இருப்பான். நாலு பேர் கூடி ஒரு பெயர் வைத்தால் அடுத்த ஆடிக்குள் மாற்றிவிடுவார்கள். தலைவர் மாறினால் பெயர் மாறும். இடம் மாறினால் பெயர் மாறும். சண்டை வந்தால் ஒரு பெயர் இரண்டாகும். இந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் இதைப் படித்தால் தலையை ஆட்டுவீர்கள். உட்காராதவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விதி சின்னது. ஒரு கூட்டத்துக்கு ஒரே தலைப்பு அட்டை. பழைய பெயர், ஊரார் கூப்பிடும் பெயர், கேலிப் பெயர் எல்லாவற்றுக்கும் பெயருக்கொரு துண்டு அட்டை. அதில் ‘இன்னதைப் பார்க்க’ என்று மட்டும் இருக்கும். தலைப்பு அட்டையின் அடியில் ஒரு வரி: ஆதாரம். எதைப் பார்த்து இந்தப் பெயரை முடிவு செய்தேன் என்று அங்கே எழுத வேண்டும். அச்சிட்ட அறிக்கை, கெஜட், முத்திரை குத்திய கடுதாசி. அந்த நாளில் வாய்வார்த்தையை அந்த வரியில் நான் எழுதியதே இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு. எந்தச் சபை எதோடு சேர்ந்தது என்று தெரிய வேண்டுமானால் தாலுகா கச்சேரியிலிருந்தே என் பெட்டிக்கு ஆள் வரும்.

கடைசி இழுப்பறை

ஆம்பூரில் தோல் மண்டி வைத்திருந்த சாயபு ஒருவர் ஜட்காவில் வந்து இறங்கினார். அவருடைய வியாபாரிகள் சங்கத்தின் அட்டையைக் காட்டச் சொன்னார். வ வரிசை. கடைசி இழுப்பறை. தரையிலிருந்து ஒரு சாண்.

“இன்னா முதலியாரே, எங்க ஆளுங்க எவ்ளோ பெரிய மனுஷங்க. அவங்க பேரைத் தரையில போட்டு வச்சிக்கிறீங்க. மேல ஏத்துங்க” என்றார்.

“அகர வரிசை சாயபு. ராஜா ஆனாலும் வ என்றால் அங்கேதான்.”

“அப்ப பெட்டியை உசத்துங்க.”

“உசத்தினால் அ எழுத்தைப் பார்க்க ஏணி வேண்டும்.”

அவர் சிரிக்கவில்லை. வேட்டியை மடித்துக் குந்தி உட்கார்ந்து இழுப்பறையை இழுத்தார். தன் சங்கத்தின் அட்டையை முழுக்கப் படித்தார். முதலில் என்ன பெயர், பிறகு என்ன பெயர், எந்த அறிக்கையில் மாறியது, எல்லாம் இருந்தது. அவருக்கே தெரியாத ஒரு பழைய பெயரும் இருந்தது. அதை விரலால் தொட்டுப் பார்த்தார். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். “இருக்கட்டும், கீழயே இருக்கட்டும். எவனா இருந்தாலும் எங்க சங்கத்தைப் பார்க்கணும்னா குனிஞ்சிதான் பார்க்கணும், சலாம் போட்ட மாதிரி.”

ஆர்மோனியம்

லாங் பஜாரில் ஒரு பஜனை மண்டலி இரண்டாக உடைந்தது. இரண்டு கட்சியும் பழைய பெயரை விடவில்லை. இரண்டு கட்சியும் ஒரே நாளில் என் மேஜைக்கு முன் வந்து நின்றன. ஒரு பக்கம் பழைய காரியதரிசி, கையில் ரசீதுப் புத்தகமும் முத்திரையும். மறு பக்கம் பாட்டுக்காரர், கையில் ஒன்றும் இல்லை.

“ஆதாரம் எங்கே?” என்றேன்.

“ஆர்மோனியம் எங்க வீட்லதான் கீது. வந்து பாருங்க” என்றார் பாட்டுக்காரர்.

ஆர்மோனியத்தை அட்டையில் எழுத முடியாது. முத்திரை வைத்திருந்த கட்சிக்குப் பழைய அட்டையைக் கொடுத்தேன். பாட்டுக்காரர் கட்சிக்குத் தெருப்பெயர் சேர்த்துப் புது அட்டை. இரண்டுக்கும் நடுவில் ஒன்றையொன்று காட்டும் துண்டு அட்டைகள். சரியான வேலை. இன்றைக்குக் கேட்டாலும் அப்படித்தான் செய்வேன். பாட்டுக்காரர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காரியதரிசியைப் பார்த்துச் சொன்னார்: “அட்டை உன்கிட்ட, ஆர்மோனியம் என்கிட்ட. சனிக்கிழமை பாட்டு எதுல வருதுன்னு பார்க்கலாம்.”

ஓர் ஆள் சபை

ஒடுகத்தூரிலிருந்து மாதம் ஒரு துண்டுப் பிரசுரம் வரும். அடியில் ஒரு ஜீவகாருண்ய சபையின் பெயர். காட்டில் வேட்டையாடாதே, வண்டிமாட்டை அடிக்காதே என்று இருக்கும். நல்ல அச்சு. அட்டை போட்டேன். ஆதார வரியில் பிரசுரத்தையே எழுதினேன். அச்சில் உள்ளது பெயர், பெயர் உள்ளது கூட்டம். அதுதான் அன்றைக்கு என் நியாயம்.

ஒரு நாள் சபையின் தலைவரே வந்தார். மெலிந்த மனிதர், கையில் குடை. அங்கத்தினர் பட்டியல் கேட்டேன். தன் பெயரைச் சொன்னார். காரியதரிசி யார் என்றேன். அதே பெயர். பொக்கிஷதாரர்? அதே பெயர். பேனாவைக் கீழே வைத்தேன்.

“ஒருத்தர் இருந்தால் அது கூட்டமா?” என்றேன்.

அவர் கொஞ்சமும் அசையவில்லை. “உங்க ஊர் சபைங்கள்ல நாப்பது பேர் கீறாங்க, கூட்டத்துக்கு நாலு பேர் வர்றாங்க. எங்க சபையில நான் வராத கூட்டமே கெடையாது சார்.”

அந்த அட்டையை நான் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை.

காதர் பாய் கத்தியை வைத்த இடம்

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

ஆம்பூருக்குப் பக்கத்தில் பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஒரு தோல் ஷாப். அதில் வேலை செய்யும் ஜனங்கள் ஒரு மதுவிலக்குப் பஜனை சபை வைத்திருந்தார்கள். கூட்டம் நடந்தால் ஒரு தடி நோட்டில் எழுதுவார்கள். எழுதத் தெரிந்தவர் அங்கே ஒருவர்தான். அவர் காலமான பிறகு, கூரை வீட்டில் கரையான் அரிக்கும் என்று நோட்டை எங்கள் வாசகசாலையில் கொண்டுவந்து கொடுத்தார்கள். பாதி நோட்டு வரைக்கும் பக்கத் தலைப்பில் பஜனை சபை என்று இருந்தது. அதற்கு மேல் தோல் ஷாப் தொழிலாளர் சங்கம் என்று இருந்தது. பெயர் மாற்றியதாகத் தீர்மானம் இல்லை. ஒரு வரி விளக்கம் இல்லை. ஒரு பக்கத்தில் அது, அடுத்த பக்கத்தில் இது.

இரண்டு பெயர், நடுவில் ஆதாரம் இல்லை. ஆகவே இரண்டு கூட்டம். இரண்டு அட்டை எழுதினேன். துண்டு அட்டைகூடப் போடவில்லை. அதோடு விட்டேனா? இரண்டு கூட்டத்தின் நடவடிக்கை ஒரே புத்தகத்தில் எப்படி இருக்கலாம் என்று நோட்டை நடுவில் வெட்டி இரண்டு புத்தகமாகக் கட்டச் சொன்னேன். எங்கள் பைண்டர் காதர் பாய் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஒரே கையெழுத்து, ஒரே தையல். இதை ஏன் முதலியாரே அறுக்கணும்?”

“பெட்டியில் எப்படியோ அலமாரியில் அப்படி. அறுங்கள்.”

அவர் கத்தியை வைத்தார். நூல் அறுந்தது. எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்: “ஒரு ஆட்டை ரெண்டா வெட்டிப் போட்டாலும் எங்க ஆம்பூர்ல ரெண்டு ஆடுன்னு எவனும் எழுத மாட்டான்.”

வாய்வார்த்தை

சில வருஷம் கழித்து அந்தத் தோல் ஷாப் கை மாறியது. பழைய முதலாளி தன் நிலத்தில் இருந்த கிணற்றைப் பஜனை சபைக்குக் கொடுத்திருந்தார். சபை இருக்கிற வரைக்கும் அதன் ஜனங்கள் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுத்தில் இருந்தது. சுற்றுவட்டத்தில் மற்றக் கிணறெல்லாம் உப்பு ஏறிப்போனவை. குடிக்க அது ஒன்றுதான். புது முதலாளிக்கு அந்த இடத்தில் தோல் ஊறப்போடச் சுண்ணாம்புக் குழி வெட்ட வேண்டும். சபை செத்துப்போயிற்று, இப்போது இருக்கிற சங்கம் வேறு என்று தாசில்தாரிடம் மனுப் போட்டார்.

அவருடைய ஏஜெண்ட் என்னிடம் வந்தார். இரண்டு அட்டைக்கும் நகல் கேட்டார். என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் நன்றி சொன்னபோது பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த வாரம் சங்கத்து ஆண்கள் மூன்று பேர் வந்தார்கள். நகத்திலெல்லாம் சுண்ணாம்பு. ரெண்டும் ஒன்றுதான், நாங்கள்தான் அது, நாங்கள்தான் இது என்றார்கள். எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. வாய்வார்த்தை ஆதாரம் ஆகாது என்று சொல்லி அனுப்பினேன். வாசற்படியில் செருப்பு மாட்டிக்கொண்டே அவர்களில் பெரியவர் சொன்னார்: “நாங்க உசுரோட எதிர்ல நிக்கிறோம். அட்டை நாங்க செத்துட்டோம்னு சொல்லுது. அய்யா அட்டையைத்தான் நம்புறாரு.”

கறை

மூன்றாம் நாள் ஒரு பெண்பிள்ளை வந்தாள். ஐம்பது வயது இருக்கும். தோல் ஷாப்பில் தோலைப் பதப்படுத்த ஆவாரம்பட்டை இடிக்கிறவள். இரண்டு கையும் முழங்கை வரைக்கும் பழுப்பேறி இருந்தன.

“சாமி, எங்க நோட்டு உங்ககிட்ட கீதாம். காட்டுங்க.”

“படிக்கத் தெரியுமா?”

“தெரியாது. பார்க்கத் தெரியும்.”

பதில் பிடித்திருந்தது. இரண்டு புத்தகத்தையும் கொண்டுவந்து வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை. என்னைப் பார்த்தாள்.

“இது இன்னாத்துக்கு ரெண்டா கீது? ஒரே நோட்டாச்சே. மேல் மூலையில பானை வாய் மாதிரி வட்டமா ஒரு கறை இருக்கும். நான் கொட்டின பட்டைத் தண்ணி.”

முதல் புத்தகத்தின் கடைசி ஏட்டைத் திறந்தேன். மேல் மூலையில் வட்டக் கறை. இரண்டாவது புத்தகத்தின் முதல் ஏடு. அதே மூலை, அதே வட்டம், ஒரு நூல் அளவு சின்னது. அதற்கடுத்த ஏட்டில் இன்னும் சின்னது. ஏழெட்டு ஏடு தாண்டிப் புள்ளியாகித் தேய்ந்தது. சபையின் எழுத்து கறைக்கு அடியில் கரைந்திருந்தது. சங்கத்தின் எழுத்து கறைக்கு மேலே, காய்ந்த காகிதத்தில் எழுதியது. வெற்று ஏடாக இருந்தபோதே நனைந்த பக்கங்களில்தான் சங்கம் எழுதியிருக்கிறது. அட்டை எழுதும்போது இதே கறையைப் பார்த்தேன். அழுக்கு என்று நினைத்தேன்.

எப்படிக் கொட்டியது என்று கேட்டேன்.

“நோட்டு எழுதறவரு கூட்டத்துக்கு வந்த ஆம்பளைங்க பேரையெல்லாம் எழுதிக்கினு இருந்தாரு. பட்டை இடிக்கிற பொம்பளைங்க நாங்க எட்டு பேர் கீறோமே, எங்க பேரையும் எழுதுன்னேன். எழுதறது வழக்கமில்லைன்னாரு. தலையில இருந்த பானையை அவர் எதிர்ல நங்குனு எறக்கினேன். சிந்திப்போச்சு. எழுதலைன்னா போ, கறையாவது போவாம இருக்கட்டும்னு தொடைக்காம விட்டுட்டேன்.”

தாசில்தார் முன்னால்

விசாரணைக்கு யாரும் கூப்பிடாமலே போனேன். காதர் பாயும் வெட்டின கத்தி தன்னுடையது என்று சொல்லிக் கூடவே வந்தார். தாசில்தார் என் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, “இது உம்முடைய அட்டைதானே? உம்முடைய அட்டை தப்பாகுமா?” என்று கேட்டார். முப்பது வருஷம் அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. அன்றைக்கு வேறு பதில் சொன்னேன். “தப்பு. எழுதியது நான். நோட்டை வெட்டச் சொன்னதும் நான்.”

தாசில்தார் கெட்டிக்காரர். புத்தகங்களை மூடி வைத்துவிட்டு, கறை எங்கே, என்ன வடிவம் என்று முதலில் அவளைச் சொல்லச் சொன்னார். சொன்னாள். பிறகு திறந்து ஏட்டோடு ஏடு வைத்துப் பார்த்தார். காதர் பாய் தையல் துளைகளை ஊசியால் கோத்துக் காட்டினார். ஒன்றுகூட விலகவில்லை. கறை யாரால் எப்போது வேண்டுமானாலும் ஆகியிருக்கலாம் என்று ஏஜெண்ட் இழுத்தார். அவள் தன் இரண்டு கையையும் அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். “பட்டைத் தண்ணி பட்ட எடத்தை விட்டுப் போவாது, ஏஜெண்ட் அய்யா. வேணும்னா தேய்ச்சிப் பாருங்க.”

நோட்டும் ஒன்று, சபையில் தண்ணீர் சிந்தியவளே சங்கத்திலும் இருக்கிறாள், ஆகவே கூட்டமும் ஒன்று என்று தாசில்தார் எழுதினார். கிணறு தப்பியது. சுண்ணாம்புக் குழியை வேறு இடத்தில் வெட்டிக்கொண்டார்கள். நான் அன்று சாயங்காலமே பெட்டியைத் திறந்து, இரண்டு அட்டையிலும் சிவப்பு மையில் கோடு இழுத்து, புதிதாக ஒரே தலைப்பு அட்டை எழுதினேன். பழைய பெயருக்கு ஒரு துண்டு அட்டை. காதர் பாய் இரண்டு புத்தகத்தையும் பிரித்து மறுபடி ஒன்றாகத் தைத்தார்.

முப்பது வருஷத்தில் என் கையால் எழுதிய அட்டைகளில் எதைக் காட்டிப் பெருமைப்படுவாய் என்று யாராவது கேட்டால், அந்த நோட்டில் எந்தப் பக்கத்திலும் எழுதப்படாத ஒரு பெயர் ஆதார வரியில் இருக்கும் அந்த ஒன்றைத்தான் இழுத்துக் காட்டுவேன், ஆதாரம்: முனியம்மா.