கட்டிலின் கீழ் நான்கு சென்சார்கள்

மனைவியின் இதயம் பலவீனமானபோது மருத்துவர் எனக்கு ஒரே ஒரு வேலை கொடுத்தார்: தினமும் அவளுடைய எடையைப் பார்க்க வேண்டும். உடம்பில் நீர் சேர்ந்தால் எடை ஏறும். இரண்டு நாளில் ஒரு கிலோ கூடினால் உடனே அழைத்து வரவேண்டும். ஆனால் எடை மெஷின் மேல் ஏறி நின்றாலே அவளுக்குத் தலை சுற்றியது.

எனக்கு அது கைக்கு வாகான சிக்கல். சாஃப்ட்வேர் வேலைக்காக வியட்நாமின் சைகோன் நகரத்துக்கு வந்த நாளிலிருந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் சாலிடரிங் அயர்னோடு உட்காருவதுதான் என் பொழுதுபோக்கு. எலெக்ட்ரானிக்ஸ் சந்தைக்குப் போய் நான்கு ஸ்ட்ரெய்ன் கேஜ் சென்சார்கள் வாங்கி வந்தேன். ஒன்றின் விலை ஒரு கிண்ணம் ஃபோ நூடுல்ஸ் சூப்பைவிடக் குறைவு. பாரம் ஏறினால் உள்ளே இருக்கும் உலோகத் தகடு கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அதில் ஒட்டியிருக்கும் மெல்லிய இழை இழுபட்டு மின்தடை மாறும். அதை எண்ணாக மாற்ற ஒரு சின்ன போர்டு. சென்சார்களைக் கட்டிலின் நான்கு கால்களுக்கும் அடியில் வைத்து, வெறும் கட்டிலின் எடையைப் பூஜ்யமாக்கினேன். அவள் படுத்தபடியே இருக்க, எடை திரையில் வந்தது: ஐம்பத்திரண்டு கிலோ.

"பரவாயில்லையே!" என்றாள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மலிவுச் சாமானுக்கு ஒரு குணம் உண்டு. வெயில் ஏறினாலும், பாரத்தை வெகுநேரம் சுமந்தாலும், எண் தானாக மெல்ல மேலே நகரும். தாவோ தியென் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் படுக்கையறை ஜன்னல் மேற்கே பார்த்தது. ஒரு மதியம், கட்டிலில் ஆளே இல்லாதபோது முந்நூறு கிராம் காட்டியது. எனக்கு எரிச்சல். புரோகிராமில் ஒரு வரி சேர்த்தேன்: மெதுவாக ஏறுவதெல்லாம் சென்சாரின் பிழை, கழித்துவிடு. அன்று முதல் எண் ஆடாமல் அசையாமல் நின்றது.

நான்காம் நாள் அவள் சொன்னாள்: "என்னங்க, செருப்புல கால் நுழைய மாட்டேங்குது."

"வெயிட் ஏறலையே. பாரு, அம்பத்திரெண்டுதான்," என்று திரையைக் காட்டினேன்.

மறுநாளும் சொன்னாள். மறுநாளும் திரையைக் காட்டினேன். அதற்குப் பிறகு அவள் சொல்லவில்லை.

ஏழாம் நாள் காலை மூச்சுக்குத் தவித்தாள். கொட்டும் மழையில் வண்டி பாலத்தின் மேல் ஊர்ந்தது. வாழ்க்கையில் நான் அப்படிப் பயந்ததில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள் காலைக் கட்டைவிரலால் அழுத்தினார். விழுந்த குழி எழும்பவில்லை. எடை ஐம்பத்தாறு.

பிழைத்துக்கொண்டாள். மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தவன், போர்டில் செருகியிருந்த மெமரி கார்டைத் திறந்து பார்த்தேன். கழிப்பதற்கு முந்தைய எண்களும் அதில் பதிவாகியிருந்தன. நாளுக்கு அரைக் கிலோவுக்கு மேல், விடாமல் ஏறியிருந்தது. அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

திரும்பிப் போனபோது அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

"விடுங்க. சல்லிசா வாங்கின சாமான். அதுக்கு என்ன தெரியும்?"

தலையாட்டிவிட்டிருக்கலாம். பழியைப் போட நான்கு சென்சார்கள் இருந்தன.

"அது சரியாத்தான் சொல்லிச்சு," என்றேன். "மெதுவா ஏறினா தப்புன்னு நான்தான் கழிக்கச் சொல்லி எழுதினேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் சொன்னதையும் அப்படித்தான் கழிச்சீங்களா?"

"ஆமா," என்றேன்.