தகடு எடுக்க வந்தவர்

புத்தூரில் தோட்டம் செய்கிறோம். சில மாதங்களுக்கு முன் என் கணவர் மெலிந்துகொண்டே போனார். வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டும்போது மயங்கியும் விழுந்தார். பயந்துபோன வீட்டார் ஒரு மந்திரவாதியை அழைத்துவந்தார்கள்.

"பக்கத்து வளவுக்காரி செய்வினை வைச்சிருக்கிறா. தகடு கிணத்தடியிலை புதைஞ்சு கிடக்கு," என்றார் அவர்.

பக்கத்து வளவு வீட்டில் இருப்பவர் என் கணவரின் தங்கை. எனக்கு மனம் ஒப்பவில்லை. போய் அவரையே கூட்டிவந்து மண்வெட்டியைக் கையில் கொடுத்தேன்.

"நீங்களே தோண்டுங்கோ மச்சாள்."

முழங்கால் ஆழம் தோண்டியும் ஒன்றும் இல்லை.

"நான் இறங்கினாத்தான் தகடு வரும்," என்றார் மந்திரவாதி, தோளில் கிடந்த சால்வையை இறுகப் பிடித்தபடி.

"ஓம், இறங்குங்கோ. சால்வையை மட்டும் என்னட்டைத் தாங்கோ," என்றேன்.

அவர் தயங்கினார். மச்சாள் எட்டிச் சால்வையை இழுத்தார். அதன் மடிப்பிலிருந்து செப்புத் தகடு எல்லோர் முன்னும் விழுந்தது. மனிதர் செருப்பையும் விட்டுவிட்டு ஓடினார்.

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனோம். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு என்றார்கள். மருந்தெடுத்துத் தேறிய கணவர் இந்தப் போகம் மறுபடி வெங்காயம் நட்டிருக்கிறார்.

இப்போதெல்லாம் வருத்தம் என்றால் முதலில் டாக்குத்தரிடம்தான் போகிறேன். யாராவது ஒருவர் மேல் பழி சொன்னால், பழிக்கு ஆளானவரையும் அழைத்துப் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டே கேட்பேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அதன்பிறகு எங்கள் வீட்டில் யாரும் அப்படிப் பழி சொல்லத் துணியவில்லை.