கொலையாளியை நான் கண்டுபிடிக்காத நாள்

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை முடிந்து கணவர் வந்ததும், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பழைய துப்பறியும் தொடர் ஒன்றைப் பார்ப்பது எங்கள் வழக்கம். தமிழில் குரல் மாற்றிய வெளிநாட்டுத் தொடர். துப்பறிவாளர் சொல்வதற்கு முன்பே கொலையாளியை நான் சொல்லிவிடுவேன். கணக்குப் படிப்பித்த மூளை என்று கணவர் கேலி செய்வார்.

அன்றைய கதை ஒரு கடலோர விடுதியில் நடந்தது. பணக்காரி ஒருத்திக்கு யாரோ நஞ்சு கொடுத்திருந்தார்கள். அங்கே தங்கியிருந்த சிலரில் ஒருவர்தான் கொலையாளி. ஆனால் காட்சிக்குக் காட்சி புது ஆட்கள் வந்துகொண்டேயிருந்தார்கள்.

“இது ஆரு மச்சான், புதுசா?”

“செத்தவட மருமகன். தொடக்கத்திலயிருந்து வாறானே.”

தொப்பியைக் கழற்றிய ஒருவரையும் யாரென்று கேட்டேன்.

“துப்பறியிறவர்தான் புள்ள! நித்திரையா?”

பின்தலை கனத்தது. சிரித்துக்கொண்டே அவர் பக்கம் திரும்பினேன். அவருடைய கதிரையில் முன்பின் தெரியாத ஓர் ஆண் உட்கார்ந்திருந்தார். துள்ளி எழுந்து, தோளில் கிடந்த துணியை இழுத்துத் தலையை மூடினேன்.

“என்ன புள்ள, ஆரும் வாறாங்களா?” என்றார் அந்த மனிதர், என் கணவரின் குரலில்.

மருதமுனையிலிருந்து கல்முனை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகையில் கணவர் ஓயாமல் கதைத்துக்கொண்டு வந்தார். நான் வெளியே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் பயம் வந்தது.

ஸ்கேன் எடுத்தார்கள். பக்கவாதம் (மூளையின் ஒரு பகுதிக்கு இரத்தம் போவது தடைப்படுதல்) என்றார்கள். எனக்குக் கை கால் இழுக்கவில்லை, வாய் கோணவில்லை. இப்படியும் அது வரலாம் என்பதை வாசிக்கும் நீங்கள் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

“ரீச்சர், உங்கட கண்ணில பிழையில்ல. முகங்களை அறியிற இடம்தான் பழுதாகியிருக்கு” என்றார் டொக்டர். முகமறியாமை (பார்வை நன்றாக இருந்தும் முகங்களை அடையாளம் காண முடியாமை) என்று அதற்குப் பெயராம்.

“திரும்பி வருமா டொக்டர்?”

“சிலருக்குக் கொஞ்சம் வரும். சிலருக்கு வராது. உங்களுக்குப் பொய் சொல்ல எனக்கு விருப்பமில்ல.”

இரத்தம் உறையாமலிருக்கக் குளிசைகளும் பிரஷருக்கு மருந்தும் தந்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அடுத்த வாரம் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். சிரித்தாள். “வாங்க, உட்காருங்க. ஆரைத் தேடி வந்தீங்க?” என்றேன். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகைச் சத்தத்தில்தான் தெரிந்தது. பாலமுனையில் கலியாணம் செய்து கொடுத்த என் ஒரே மகள். தன்னையாவது உம்மாவுக்குத் தெரியும் என்று நம்பி, பேசாமல் நின்று பார்த்திருக்கிறாள்.

பிறகு அவளே எனக்குப் பயிற்சி தந்தாள். அந்த விடுதிக் கதையைக் கைபேசியில் எடுத்து, துண்டு துண்டாக நிறுத்திக் காட்டினாள்.

“உம்மா, முகத்தைப் பார்க்காதீங்க. நடையைப் பாருங்க, கையைப் பாருங்க.”

பார்த்தேன். மோதிரம் போட்டவன், நொண்டுகிறவன், தோளை உயர்த்துகிறவள். ஆனால் கடைசிக் காட்சியில் எல்லோரும் மேசையைச் சுற்றி அசையாமல் உட்கார்ந்தபோது, எல்லோரும் ஒரே ஆளாகிப்போனார்கள். அந்த ஒரே ஆள் என்னையே பார்த்தார். நிறுத்தச் சொன்னேன். கொலையாளி யாரென்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இப்போது இரத்த அழுத்தம் சரி. கணவரை நடையில் கண்டுகொள்கிறேன். மகள் வாசலிலேயே கூப்பிட்டுக்கொண்டு வருகிறாள். தேறிவிட்டேன் என்றுதான் ஊரில் சொல்கிறார்கள்.

மௌத்தாகி மண்ணுக்குப் போன என் உம்மாவை நினைத்தால் சேலையின் நிறம் வருகிறது, இருமல் வருகிறது, முகம் வருவதில்லை. கடந்துபோன காலத்துக்குள்ளும் அந்த நோய் புகுந்து போயிருக்கிறது.

லுஹர் தொழுகைக்கு முகம் கை கால் கழுவி ஒழுச் செய்யும்போது குழாய்க்கு மேலுள்ள கண்ணாடியில் ஒரு வயதான பெண் நிற்கிறாள். நான் கண்ணை மூடிக்கொண்டு தண்ணீரை அள்ளுகிறேன். நெற்றி, மூக்கு, தாடை என்று கை பழகிய வழியே இறங்குகிறது. கைக்கு இந்த முகம் தெரியும்.