பொருத்தம் பார்த்த கம்ப்யூட்டர்

நேற்று மகனுடைய பழைய லேப்டாப்பிலிருந்து ஒரு விளையாட்டை நீக்க உட்கார்ந்தேன். உள்ளே இருந்த தூசி சூடாகி ஒரு வாடை வந்தது. கூடவே ரப்பர் பால் புளித்த நாற்றமும் கொஞ்சம் அடித்திருந்தால், கேகாலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் இருப்பதாகவே நினைத்திருப்பேன்.

புலிகளோடு அரசாங்கம் சமாதானப் பேச்சு நடத்திய காலம் அது. எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்குப் போன முதல் பெண் என்று எனக்குத் தலைக்கனம் வேறு. படித்ததென்னவோ மூன்று மாதம்தான். கடையில் போட்டோ கொப்பி, டெலிபோன், அதோடு ஜாதகப் பொருத்தம். முதலாளி கொழும்பில் வாங்கி வந்த சீடி. இரண்டு பேருடைய பிறந்த நேரத்தையும் தட்டினால் பத்துப் பொருத்தமும் பிரிண்டாகி வரும். பால் வெட்டிய கையோடு சனம் வந்து நிற்கும். பூசாரி தவறவிட்டாலும் மெசின் தவறவிடாது என்று ஒரு நம்பிக்கை.

செல்வராணி எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவள். ரம்புக்கனையில் ஒரு கடையில் நின்ற பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. அவனுக்கும்தான். ஆசையாக இரண்டு ஜாதகத்தையும் கொண்டுவந்தாள். ரஜ்ஜு இல்லை, செய்யக்கூடாது என்று வந்துவிட்டது. ரஜ்ஜு இல்லாவிட்டால் தாலி நிலைக்காது என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பையனுடைய அப்பா அதே மெசினில் பார்க்க வருவதாக இருந்தது.

"மெசின்லருந்து அந்தப் பொருத்தம் பாக்குறதயே எடுத்துடுங்கக்கா. அப்ப அவங்களுக்குத் தெரியாதுல்ல?"

முதலாளியிடம் கேட்டேன். சிங்களவர், நல்ல மனுஷன். இந்த சீடியைப் போட்டதிலிருந்து மெசின் நகரவே மாட்டேன் என்கிறது என்று அவருக்கும் எரிச்சல்.

"அவுலக் நே, நங்கி. பிரச்சினை இல்ல தங்கச்சி, எடுத்துப் போடு."

அவ்வளவு லேசில் போகவில்லை. முதலில் திரையிலிருந்த படத்தை அழித்தேன். செல்வராணி கும்பிடாத குறை. கடையை விட்டுவிட்டுப் பெயர்ப் பலகையை மட்டும் கழற்றியிருக்கிறேன் என்பது மெனுவைத் திறந்தபோதுதான் உறைத்தது. கன்ட்ரோல் பெனலுக்குப் போய் முறைப்படி நீக்கினேன். ஃபோல்டர் மிச்சமிருந்தது. அதையும் அழித்தால், மெசினைப் போடும்போதெல்லாம் ஏதோ ஃபைலைக் காணவில்லை என்று கத்தியது. கடைசியில், மெசின் எல்லாவற்றையும் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரிக்குள் இறங்கி, அதன் பெயர் வந்த இடத்தையெல்லாம் தேடித் தேடி எடுத்தேன். தப்பான இடத்தில் கை வைத்தால் மெசினே படுத்துவிடும். சீடியை முதலாளி தன் த்ரீவீலின் பின்னால் மினுக்கத்துக்குக் கட்டிக்கொண்டார்.

பையனுடைய அப்பா சொன்னபடி வந்தார்.

"நல்லாப் பாரு புள்ள. போன வாரங்கூட எங்க ஆளுங்க பாத்தாங்களே?"

"எடுத்தாச்சுங்க மாமா," என்று மெனு முழுவதையும் திறந்து காட்டினேன்.

முணுமுணுத்துக்கொண்டே எங்கள் கோயில் பூசாரியிடம் போனார். நடந்ததைப் பிறகு செல்வராணி சொன்னாள். பூசாரி பஞ்சாங்கத்தைப் புரட்டி, விரல் விட்டு எண்ணிவிட்டுக் கேட்டாராம்.

"புள்ளைங்களுக்குப் புடிச்சிருக்கா?"

"புடிச்சிருக்குங்க சாமி."

"அப்ப ஒரு சாந்தி பூசை பண்ணிட்டு ஆவணியில கட்டிவைங்க."

மெசின் யாரிடமும் இதைக் கேட்டதில்லை. கல்யாணத்தில், நானே தாலி எடுத்துக் கொடுத்த மாதிரி முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

அந்தக் கடை இப்போது இல்லை. பூசாரியும் போய்ச் சேர்ந்துவிட்டார். புதிதாக வந்தவர் போனில்தான் பொருத்தம் பார்க்கிறார். போன மாதம் செல்வராணி பேசினாள். மகளுக்கு ஒரு இடம் வந்திருக்கிறதாம், பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பிடித்துமிருக்கிறதாம். மாப்பிள்ளை வீட்டில் ஆளாளுக்குப் போனில் பார்த்துவிட்டு, ரஜ்ஜு இல்லை என்றார்களாம்.

"இப்ப எத்தன போன்லருந்துக்கா எடுக்கிறது?" என்று கேட்டாள்.