கிரிசெலுக்கு நடந்த கல்யாணம்

மண்டபத்தூர் கோவிந்தராசு மகள் வினிதா மலையைப் பார்த்ததே இல்லை. கண்ணுக்கு எட்டின மட்டும் வயல், வயல் முடிந்தால் மணல், மணல் முடிந்தால் கடல் என்று கிடக்கிற ஊர் அது. அவள் பார்த்த உயரமான பொருள் ஒன்றே ஒன்றுதான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருடம், டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலையில், எழுந்து நின்ற கடல்.

அம்மா கனகாம்பாள் மீன்கூடையோடு கோட்டுச்சேரிக்குப் போயிருந்தாள். அப்பாதான் வினிதாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். உயிர் தப்பியது, படகு போயிற்று. பிறகு நிவாரணத்துக்கு வந்த தொண்டு நிறுவனம் ஒன்று கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தியபோது கோவிந்தராசு மகளை அனுப்பிவைத்தார். "கடல் சத்தம் காதுல விழாத வேலையாப் பாத்துக்கம்மா" என்றார். அவர் மட்டும் அரசாங்கம் கொடுத்த புதுப் படகில் மறுபடி கடலுக்கே போனார்.

இப்படித்தான் இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, காரைக்கால் டவுனில் மருந்துக்கடை மாடியில் இருந்த டேட்டா என்ட்ரி ஆபீசுக்கு வினிதா வந்து சேர்ந்தாள். வெளிநாட்டுப் பழைய புத்தகங்களின் பக்கங்கள் திரையில் படமாக வரும். பார்த்து எழுத்துப் பிசகாமல் அடிக்க வேண்டும். ஒரே பக்கத்தைக் காலை ஷிப்டில் ஒருவரும் மாலை ஷிப்டில் ஒருவரும் தனித்தனியாக அடிப்பார்கள். கம்ப்யூட்டர் இரண்டையும் ஒத்துப் பார்த்து, வித்தியாசம் இருந்தால் காட்டிக்கொடுக்கும். ரெண்டு பேர் ஒரே இடத்தில் ஒரே தப்பைச் செய்யமாட்டார்கள் என்கிற நம்பிக்கையில்தான் அந்தத் தொழில் ஓடியது.

மதியமே பஸ் ஏறிவிடுவதால், மாலை ஷிப்டில் வந்து தன் இடத்தில் உட்காருவது யாரென்று வினிதாவுக்குத் தெரியாது. உயரமான ஆள் என்பது மட்டும் தெரியும். தினமும் காலையில் நாற்காலியைக் கீழே இறக்கித்தான் அவள் உட்கார வேண்டியிருந்தது.

அந்த வருடம் மழைக்காலத்தில் ஸ்காட்லாந்துக் குடும்பம் ஒன்றின் வம்ச வரலாறு வந்தது. கிளென்வராக் என்ற ஊரின் மிராசுதார்கள். நானூறு வருடத்துக்கு முன் ஒரு ஜான். அவன் மகன் அலெக்சாண்டர். அவன் மகன் மறுபடி ஜான். தாத்தா பெயர்தானே பேரனுக்கு என்று வினிதாவுக்கு அது சட்டென்று பிடிபட்டது. ராஜா கொடுத்த பட்டயம், பங்காளிச் சண்டை, ஆற்றங்கரை நிலத்துக்கு வழக்கு, ஆயிரத்து அறுநூற்று நாற்பத்தைந்தில் போரில் விழுந்த மூத்த பிள்ளை. சுரக்குடியிலோ திருநள்ளாறிலோ நடந்ததாகச் சொன்னாலும் நம்பலாம்.

ஆண்பிள்ளைகளுக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. பெண்பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு வரி, யாருக்கு வாழ்க்கைப்பட்டாள் என்பதோடு சரி. கடைசிப் பெண் கிரிசெல். அவளுக்கு அந்த ஒரு வரியும் முழுசாக இல்லை. 'அன்மேரீட்', அதாவது மணமாகாமல் இறந்தாள். அவ்வளவுதான்.

மதியம் ஷிப்ட் முடிந்து வீடு திரும்புகையில், பஸ் கோட்டுச்சேரியைத் தாண்டும்போது வினிதாவுக்குக் கண் சொருகும். ஜன்னலில் சாரல் அடிக்கும். மலை எப்படி இருக்கும் என்று மனசுக்குத் தெரியாததால், அது கடலையே எடுத்து நிறுத்திவைக்கும். வானம் வரைக்கும் எழுந்த கடல், ஆனால் விழாத கடல். பச்சையாக, அசையாமல், அப்படியே நிற்கும். நுரையென்று பார்த்தால் அத்தனையும் ஆடுகள். அந்தச் சரிவில் கிரிசெல் வெறுங்காலோடு இறங்கி வருவாள். ஈரக் காற்றில் அவள் பாவாடை படபடக்கும். வினிதா பயப்படாமல் நின்று பார்ப்பாள். மூன்று வருடமாகக் கனவில் கடலைக் கண்டால் அலறிக்கொண்டு எழுந்தவள் அவள். இந்தக் கடல் அவளை ஒன்றும் செய்யவில்லை.

ஒருநாள் கனவில் கிரிசெலுக்குக் கல்யாணம். மேளம் கேட்டது. மாப்பிள்ளை முகம் தெரியவில்லை. முன்னாலேயே புரட்டிப் படித்திருந்த, கிரிசெலின் வரி இருந்த பக்கத்தை மறுநாள்தான் வினிதா அடித்தாள்.

சில வாரங்கள் கழித்து சூப்பர்வைசர் அருள்ராஜ் அவளைக் கூப்பிட்டனுப்பினார். அவர் மேசைக்கு முன்னால் நெற்றியில் திருநீறோடு நெட்டையாக ஒருவன் நின்றிருந்தான்.

"இவர் கலைவாணன், உன் மாலை ஷிப்ட். ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டுக் காப்பி அடிச்சீங்களா?"

"இவரை இப்பத்தான் சார் பாக்குறேன்" என்றாள் வினிதா.

அருள்ராஜ் திரையைத் திருப்பிக் காட்டினார். 'அன்மேரீட்' இருக்க வேண்டிய இடத்தில் 'மேரீட்' என்று இருந்தது. இருவரும் அதே வரியில் அதே இரண்டு எழுத்தை விட்டிருந்தார்கள். கம்ப்யூட்டருக்கு வித்தியாசமே தெரியவில்லை. வெளிநாட்டில் இருந்தவர்கள்தான் கண்டுபிடித்திருந்தார்கள்.

"இல்லாத கல்யாணத்தைப் பண்ணி வச்சிருக்கீங்க. இனிமே தூங்கி வழியாதீங்க, போங்க."

மாடிப்படியில் இறங்கும்போது கலைவாணன் கேட்டான். "நாற்காலியை இறக்குறது நீங்கதானா?"

"ஆமா. ஏத்துறது நீங்கதானா?"

அவன் ஷிப்டுக்கு இன்னும் நேரம் இருந்ததால் பஸ் ஸ்டாண்டு வரை சேர்ந்து நடந்தார்கள். வினிதா தன் கனவைச் சொன்னாள். வேறு யாரிடமும் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். அவன் சிரிக்கவில்லை.

"எங்க அக்கா சிவப்ரியாவுக்கு முப்பத்தஞ்சு ஆகுது. செவ்வாய் தோஷம்னு வந்த இடமெல்லாம் தட்டிப்போச்சு. கல்யாணம் ஆகாதவங்கற வார்த்தையை எங்க வீட்ல யாரும் வாய்விட்டுச் சொல்றதில்லீங்க. கண்ணு பாத்துச்சு, கை அடிக்க மாட்டேன்னுடுச்சு."

அன்றைக்கு அவள் பஸ்ஸில் தூங்கவில்லை.

அதன்பிறகு ஷிப்ட் மாறுகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவே இருவரும் நாளை ஓட்டினார்கள். அவன் வந்ததும் அவளே நாற்காலியை ஏற்றி வைத்துவிட்டு எழுந்துகொள்வாள். கிளென்வராக் குடும்பம் முடிந்து வேறு புத்தகங்கள் வந்தன, போயின. ஒருநாள் அவன் தன் அப்பாவிடம் பேச்சை எடுத்தான். சுரக்குடி திருஞானசம்பந்தம் நிலபுலன் உள்ளவர், வீட்டுக்குள் மீன் வாசனையையே நுழைய விடாதவர். கடற்கரைப் பெண் என்றதும் சாப்பாட்டிலிருந்து எழுந்து கையைக் கழுவிக்கொண்டார். பிறகு மகனோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

கனகாம்பாளுக்கும் சம்மதமில்லை. "மதிக்காத வாசல்ல போயி நிக்கப் போறியாடி?" என்றாள். கோவிந்தராசுதான் வலையைப் பிரித்தபடியே சொன்னார். "அன்னிக்கு நான் இழுத்த பக்கம் ஓடி வந்தா. இப்ப அவ போற பக்கம் நாம போவோம்."

சிவப்ரியா ஒரு நாள் திடீரென்று ஆபீசுக்கு வந்து நின்றாள். சேலையின் கரையில் சேறு காய்ந்திருந்தது. நடவு நடந்துகொண்டிருந்த வயலிலிருந்து நேராக வந்திருந்தாள். அப்பாவுக்கு முழங்கால் விட்டுப்போன நாளிலிருந்து அந்த வீட்டு விவசாயம் முழுக்க அவள் கையில்தான் என்பது வினிதாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

"தம்பி எல்லாத்தையும் சொன்னான். யாரும்மா அந்த வெள்ளைக்காரப் பொண்ணு?"

வினிதா தயங்கித் தயங்கிச் சொன்னாள். சிவப்ரியா கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஏன்டிம்மா, அவ பாட்டுக்கு ஆடு மாட்டைப் பாத்துக்கிட்டு நிம்மதியா இருந்திருப்பா. நீங்க ரெண்டு பேரும் சேந்து அவளைக் கட்டிக் குடுத்துட்டீங்களே!"

வினிதாவுக்கு முகம் சிவந்துபோயிற்று. கிரிசெல் அழுதாள் என்று புத்தகத்தில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"எனக்காக நீங்க காத்திருக்க வேணாம்" என்றாள் சிவப்ரியா. "தேதி மட்டும் சொல்லுங்க, வந்துடுறேன்."

ஆவணி மாதத்தில் சின்னக் கோயில் ஒன்றில் கல்யாணம் நடந்தது. சுரக்குடியிலிருந்து வந்தவள் சிவப்ரியா ஒருத்திதான். கலைவாணன் முதல் முடிச்சுப் போட்டான். நாத்தனார் போட வேண்டிய முடிச்சுகளை அவள் நிதானமாக, கட்டு அவிழாமல், நெற்கட்டு கட்டுகிறவளின் கையால் போட்டாள்.

கோட்டுச்சேரியில் வாடகை வீடு பிடித்தார்கள். மறுவருடம் ஆபீசை மூடிவிட்டார்கள். கலைவாணன் பள்ளிக்கூடம் ஒன்றில் கிளார்க்காகச் சேர்ந்தான். வினிதா வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தாள். ஐப்பசி பிறந்ததும் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பெற்றாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் அவள் அரைத்தூக்கத்தில் கிடந்தாள். வார்டு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கதவிடுக்கில் பார்த்தால், சிவப்ரியா கைத்தாங்கலாகத் திருஞானசம்பந்தத்தைப் பெஞ்சில் உட்கார்த்திக்கொண்டிருந்தாள். கனகாம்பாள், குளித்துத் தலை முழுகி வந்திருந்தும், மீன் வாடை இருக்குமோ என்று சுவரோரமாக ஒதுங்கி நின்றாள்.

திருஞானசம்பந்தம்தான் தொண்டையைச் செருமினார். "கடல் இன்னிக்கு எப்படி இருக்கு?"

"வாடைக் காத்து தொடங்கிடுச்சுங்க. படகெல்லாம் கரையில கெடக்கு."

"அப்ப நமக்கு மழை உண்டு."

"உண்டுங்க. நாளைக்கே வந்துடும்."

அவர் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். கனகாம்பாள் ஓரமாக உட்கார்ந்தாள். காற்றைப் பற்றி, நாற்றைப் பற்றி, போன வருடம் பொய்த்த மழையைப் பற்றி இருவரும் மெல்லப் பேசிக்கொண்டே இருந்தார்கள். பக்கத்தில் குழந்தையின் சூடு. வினிதா மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.